‘டெல்வ்’ என்னும் பழஞ்சொல்

தங்கவயல் தமிழர்க்கு மண்ணைத் தோண்டுதலைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், அத்தொழிலைக் குறித்த ஆங்கில வினைச்சொல் ஒன்றன் வரலாறு நம்மவர் அறியத்தக்கது. ‘டெல்வ்’ என்பது அச்சொல். ஏடுகளிலும் ஆவணங்களிலும் ஆழ்ந்து ஆராய்தல் என்னும் பொருளிலேயே நம் பிள்ளைகள் இதனைப் பள்ளியில் பயில்கின்றனர்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பழைய ஆங்கிலத்தில் அது ‘டெல்ஃபன்’ என வழங்கியது. நிலத்தை அகழ்தல் என்பதே அதன் பொருள். கல்லெடுக்கும் குழியை இங்கிலாந்தின் வடபகுதியார் ‘டெல்ஃப்’ என்றனர். 14-ஆம் நூற்றாண்டில் ‘டிக்’ என்னும் சொல் பரவி, அன்றாடத் தோண்டுதலைத் தனதாக்கிக்கொண்டது. மண்ணை இழந்துவந்த பழஞ்சொல் ஏட்டைப் பற்றிக்கொண்டது.

உறவுமொழியாகிய டச்சில் ‘டெல்வன்’ என்பது இன்றும் சுரங்கம் அகழ்தலைக் குறிக்கும். ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரம், அங்கு வெட்டப்பெற்ற கால்வாயினால் அப்பெயர் பெற்றது. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரரோ, நெடுந்தீவுக்கு அந்நகரின் பெயரையே சூட்டினர். தோண்டும் சொல்லொன்று கடல்கடந்து தமிழர் தீவின்மேல் ஏறி அமர்ந்த விந்தை இது!

நம் மொழியிலும் இத்தகைய உறவு உண்டு. ‘கல்லுதல்’ என்றால் தோண்டுதல். ‘கல்வி’யும் அவ்வேரினதே என்பார் உளர், மறுப்பாரும் உளர். அவ்வழக்கு எங்ஙனம் தீரினும், தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கினார் வள்ளுவர். ‘துருவுதல்’ என்பதற்கோ துளைத்தல், ஆராய்தல் ஆகிய இருபொருளும் ஐயமின்றி உண்டு.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்தனர். கார்ன்வால் நாட்டுச் சுரங்கத்தார் மேற்பார்த்தனர். வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த நம் பாட்டன்மார் அகழ்ந்தனர். பாறை வெடிப்புக்கும் தூசு நோய்க்கும் இடையே, சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினர். தங்கவயலைப் பற்றிய ஆங்கில நூல்களில் மேலாளர் பெயர்களையே மிகுதியும் காண்கிறோம். அகழ்ந்தவர் ஒருபுறம், ஆராய்ந்தவர் மறுபுறம் என்று ஒரே சொல்லின் இருபொருளும் இங்கே பிரிந்து நின்றன.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பெற்றது. பெங்களூர் ரயிலேறிப் பணிக்குச் செல்லும் நம் இளைஞர், எழுதுகோலை நன்கு ஆளக் கற்றவர்கள். பாட்டன்மாரின் அகழ்வு வரலாற்றை அவர்களே துருவிக் கேட்டு எழுதலாகாதா? ஆழ்குழியில் இறங்கிய முதியோர் சிலர் இன்னும் நம் லைன்களில் வாழ்கின்றனர். மாலையில் திண்ணையில் அமர்ந்து, கேட்பார்க்குச் சொல்லச் சலிப்பதில்லை.