ஈயத்துக்குப் பதம் பார்த்த கதை

நம்ம ஊர்ல ஈயம்னு ஒரே பேரைச் சொன்னாலும் அது ரெண்டு உலோகம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குள்ள பூசுற ஈயமும் வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும். வீச்சுவலை ஓரத்தில் கோர்க்கிற குண்டும், பழைய பேட்டரிக்குள் இருக்கிற தகடும் காரீயம். அது உருக 327 டிகிரி வேணும். இங்கே சொல்லப்போவது காரீயத்தின் சூட்டை மனுஷன் எப்படி அளந்தான் என்பதைத்தான்.

கிராமத்தில் எதையும் எண்ணால் அளக்கிற பழக்கம் குறைவு, பதம் பார்ப்போம். வெல்லம் காய்ச்சுகிறவர் கொஞ்சம் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துவிட்டுக் கொப்பரையை இறக்குவார். நெல் காய்ந்ததா என்று ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்ப்போம். ஈயம் உருக்கினவங்களும் இப்படித்தான். மடித்த காகிதத்தை உருகின ஈயத்தில் விட்டு எடுப்பார்கள். பழுப்பானால் வார்க்கலாம். குப்பென்று பற்றிக்கொண்டால் சூடு மிஞ்சிப்போச்சு என்று அர்த்தம்.

இதற்கு முதலில் எண் கொடுக்கப் பார்த்தவர்களில் ஒருவர் நம்ம எல்லாருக்கும் தெரிந்த ஐசக் நியூட்டன். அப்போது அவர் லண்டன் நாணயச் சாலையில் அதிகாரி. அவரிடம் இருந்தது ஆளி விதை எண்ணெய் ஊற்றின தெர்மாமீட்டர். காரீயம் உருகும் சூடு வரைக்கும் அதை நம்பிப் போக முடியாது. அதனால் ஒரு வேலை செய்தார். இரும்புக் கட்டியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சீராகக் காற்று அடிக்கிற இடத்தில் வைத்தார். அதன்மேல் உலோகத் துணுக்குகளைப் போட்டு, எது எப்போ உறையுது என்று நேரம் குறித்தார். சூடு அதிகமாக இருக்கும்போது இரும்பு வேகமாக ஆறும், குறையக் குறைய மெதுவாக ஆறும். அந்தக் கணக்கை வைத்து ஒவ்வொன்றின் சூட்டையும் கண்டுபிடித்தார்.

1701-ல் பேர் போடாமல் அதை வெளியிட்டார். அவர் அளவில் தண்ணீர் உறைவது 0, மனுஷ உடம்புச் சூடு 12, வெள்ளீயம் உருகுவது 72, காரீயம் 96. உடம்புச் சூட்டை 37 டிகிரி என்று வைத்துப் பெருக்கிப் பாருங்க, காரீயத்துக்கு 296 வரும். கடிகாரமும் காற்றும் மட்டும் வைத்து, உண்மையான அளவுக்கு 31 டிகிரி கிட்டத்தில் வந்துவிட்டார்!

அதே காலத்தில் நம்ம பக்கமும் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. 1713-ல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கியது. ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால், பக்கத்தில் பொறையாற்றில் சின்ன எழுத்து வார்த்தார்கள். அச்செழுத்துக்குக் காரீயம்தான் முக்கியமான சரக்கு.

அடுத்த வருஷமே, 1714-ல், ஃபாரன்ஹீட் பாதரச தெர்மாமீட்டர் செய்தார். ஆனாலும் ஈயம் வார்க்கிறவனுக்கு அது பாதிதான் உதவும். பாதரசம் 357 டிகிரியில் கொதித்துவிடும். ஈயம் உருகின பிறகு வெறும் 30 டிகிரிதான் மிச்சம். வார்க்கிற வேலையோ அந்த இடத்தில்தான் ஆரம்பம். கண்ணாடி உடைந்தால் பாதரச ஆவி வேற.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1821-ல் ஸீபெக் என்ற ஜெர்மானியர் ரெண்டு வேறு உலோகங்களை வளையமாக இணைத்து, ஒரு இணைப்பை மட்டும் சூடாக்கினார். பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. சூட்டு வித்தியாசம் மின்சாரத்தை உண்டாக்கியிருந்தது. 1880-களில் பிரான்சின் லெ ஷாட்லியே அதை உலைக்குள் நம்பி வைக்கக்கூடிய கருவியாக்கினார். அதுதான் தெர்மோகப்பிள். இன்றைக்கு ஈயத்துக்கு ஏற்றது 'கே டைப்' தெர்மோகப்பிள்தான். ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினாங்களே, அந்தத் துப்பாக்கி இதற்கு ஆகாது. பெரிய சூட்டுக்கென்று விற்கிற துப்பாக்கியும், பளபளக்கும் ஈயத்தைப் பார்த்தால் குறைத்தே காட்டும்.

இவ்வளவுக்கும் அந்த எண் எதற்கு, காகிதமே போதாதா என்று கேட்கலாம். பாகு முறிந்தால் ஒரு கொப்பரை வெல்லம் போகும், அவ்வளவுதான். ஈயம் அப்படியில்லை. 500 டிகிரியை நெருங்கினால் ஈயப் புகை நன்றாகவே கிளம்பும். வாசனை இருக்காது. இருமலும் வராது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியின் விட்ருவியஸ், ஈயம் வார்க்கிறவர்களின் உடம்பு வெளுத்துப்போவதைப் பார்த்து எழுதி வைத்தார். உலோகத்தின் பதம் தெரிந்தவர்களுக்குத் தங்கள் ரத்தத்தில் ஏறினது தெரியவில்லை.

தெர்மோகப்பிள் புகையைக் குறைக்கத்தான் உதவும். மேலே மிதக்கிற சாம்பல் நிற ஏடு எந்தச் சூட்டிலும் விஷம்தான். அது தூளாகித் திண்ணையில் விழும், பிள்ளைகள் கைக்குப் போகும். ஈயத்தில் இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈரக் கரண்டியை விட்டால் தண்ணீர் நொடியில் ஆவியாகி, உருகின ஈயத்தை முகத்தில் அள்ளி வீசும்.

அதனால் வலைக் குண்டுக்காகப் பழைய பேட்டரியை உடைத்து வீட்டு அடுப்பில் உருக்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தெர்மாமீட்டரைத் தேடுவதற்கு முன்னால் அந்தச் சட்டியை இறக்கி வையுங்க. இரும்புக் குண்டு கட்டினாலும் வலை தண்ணீரில் இறங்கும்.