சுமத்ரா தடுத்துவிடுமா?

"சுமத்ரா தீவு குறுக்கே இருக்கிறதே, சுனாமி நம் பக்கம் எப்படி வரும்?" எங்கள் கலந்துரையாடலில் படிவம் நான்கு மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அவரைக் குறை சொல்வதற்கில்லை, அன்பர்களே. 2004-க்கு முன் பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள்.

அவ்வாண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை மணி 8.58-க்குச் சுமத்ராவின் வடபகுதிக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை, தீவின் வடமுனையைச் சுற்றி வளைந்து மலாக்கா நீரிணைக்குள் புகுந்தது. பினாங்கையும் கெடாவையும் அது தாக்கியபோது பிற்பகல் மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. நான்கு மணி நேரத்துக்கும் மேல்! நாட்டில் 68 பேர் மாண்டனர். எச்சரிக்க நேரம் இருந்தது. எச்சரிக்கும் ஏற்பாடுதான் அன்று இல்லை.

ஏன் இத்தனை நேரம் பிடித்தது? சுனாமி எங்கும் ஒரே வேகத்தில் ஓடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். கடலின் ஆழமே வேகத்தைத் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். 50 மீட்டர் ஆழத்தில் வெறும் 80. நம் நீரிணையோ ஆழம் குறைந்தது. வேகம் குறையும்போது அலை உயரும், அதுதான் ஆபத்து.

ஓரலையோடு முடிந்துவிடும் என்பதும் தவறு. பின்னால் வருவது இன்னும் பெரிதாக இருக்கலாம். அன்று புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பெற்றோரிடம் கத்தினாள். கடற்கரையிலிருந்த அனைவரும் தப்பினர். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவள் அதைப் புவியியல் வகுப்பில் படித்திருந்தாள்.