அடுப்பில் காய்ச்சிய மண்புழு

குஜராத்தில் கேபிள் கம்பெனியில் வேலை எனக்கு. பொழுது விடிந்தால் பிவிசி முகத்தில்தான் விழிக்கிறேன். வயருக்கு உறையாகிற இந்த பிவிசி, மீன் பிடிக்க மண்புழு வேஷம் போட்ட கதை ஒன்று உண்டு.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன், டயர் கம்பெனிகளின் ஊர். அங்கே குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். 1926-ல் பிவிசியைக் கரைப்பானில் போட்டுச் சூடாக்கினார். பசை வரவில்லை. வளைகிற, இழுத்தால் நீள்கிற ஜெல்லி மாதிரி ஒன்று வந்தது. இன்று நாங்கள் டிரம் டிரம்மாக வாங்கும் பிளாஸ்டிசைசர் சமாச்சாரத்தின் ஆரம்பம் அதுதான்.

அதே ஆக்ரனில் 1949-ல் நிக் க்ரீம், மனைவி காஸ்மா இருவரும் வினைல், எண்ணெய், நிறமி கலந்து வீட்டிலேயே காய்ச்சினார்கள். நிஜ மண்புழுவை வைத்து அச்சு எடுத்து அதில் ஊற்றினார்கள். ரப்பர் புழுக்கள் முன்பே உண்டு. ஆனால் இதுதான் தண்ணீரில் உயிருள்ளது மாதிரி நெளிந்தது! தபாலில் விற்றார்கள். பிறகு கம்பெனியே டெக்சாஸ் மாநிலத்து டைலருக்குக் குடிபெயர்ந்தது.

டெக்சாஸ் ஏரிகளில் மூழ்கிய மரங்களும் பாசியும் அதிகம். சாதாரணத் தூண்டில் அதில் சிக்கிக்கொள்ளும். எனவே முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்தார்கள். மீன் கவ்வியதும் சுண்டினால் நுனி வெளியே வரும். 'டெக்சாஸ் ரிக்' என்று பெயர். மரத்திலோ உலோகத்திலோ செய்த இரையில் இது நடக்காது, மெத்தென்ற உடம்பு வேண்டும்.

இன்றும் வீட்டில் ஊற்றுகிறவர்கள் நிறைய. பிளாஸ்டிசால் என்ற அந்தத் திரவம் பால் மாதிரி இருக்கும். சுமார் 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் முதலில் கெட்டியாகி, பிறகு தேன் மாதிரி தெளியும். அச்சில் ஈரம் இருந்தால் நீராவி கிளம்பி, கொதிக்கும் பிளாஸ்டிக் முகத்தில் தெறிக்கும். சூடு மீறினால் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். எங்கள் ஆலையில் புகையை இழுக்க மெஷின் உண்டு, அடுக்களையில் ஏது? அதனால்தான் காற்றோட்டமான வெளியிடம், தனிப் பாத்திரம், கையுறை, கண்ணாடி எல்லாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிஜப் புழு மக்கிவிடும், இது மக்காது. வயருக்கு அது பெருமை, ஏரிக்குப் பாரம். நல்லவேளை, கிழிந்த புழுவை மறுபடி உருக்கி ஊற்றலாம். தண்ணீரில் எறியாமல் டப்பாவில் சேர்த்துவைத்தால் போதும், அடுத்த முறை அச்சுக்கு அதுவே சரக்கு.