மனை

மனை (பெயர்ச்சொல்): 1. வீடு. 2. வீடு கட்டுதற்குரிய நிலம். 3. மனைவி.

நிலைபெறுதல் என்னும் பொருள்படும் ‘மன்’ என்ற வேரினின்று இச்சொல் கிளைத்தது என்பர். கன்னடத்தில் ‘மனெ’ என்றும், மலையாளத்தில் நம்பூதிரி கிருகத்தைக் குறிக்கும் ‘மன’ என்றும் வழங்குவது இதன் பழமைக்குச் சாட்சியாகும். மனைவி, மனையறம் முதலியன இதன் வழி வந்தவை.

அடிக்கணக்கால் சுபாசுபம் கூறும் மனையடி சாஸ்திரம் வீட்டின் அளவை நியமித்தது. இக்காலத்துச் சட்டமோ, அந்நிலம் மனையாவதற்கு யோக்கியமானதா என்பதையே முதலில் வினவுகிறது. கொல்லிமலையின் திருப்புலி நாட்டில் ஒருவர் பரம்பரைப் பூமியில் வீடு கட்ட விரும்பினும், மலைக் கிராமங்களுக்கென 1990-ஆம் ஆண்டு அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளையும், 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளையும் அனுசரித்தே வரைபடம் வகுத்தல் வேண்டும். ஏனெனில், சரிவை வெட்டி ஓடையை மறித்தால், மழைக்காலத்தில் மண் சரிந்து அண்டை நிலங்களுக்கும் அபாயம் விளையும்.

ஆகவே பத்திரத்தில் எழுதப்பட்ட நிலமெல்லாம் மனையன்று. அனுமதியும் உறுதியான மண்ணும் ஒருங்கே வாய்த்ததே இன்று அப்பெயர்க்குரியது.