ஜாக் டி லா ரோச்சா: 20 வருஷம் தாண்டியும் வராத சோலோ ஆல்பம்... நடந்தது என்ன?

அமெரிக்காவின் 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' ராக் இசைக்குழுவின் பாடகர் ஜாக் டி லா ரோச்சா. 2000 அக்டோபரில் குழுவை விட்டு விலகியவர், சோலோ ஆல்பம் வேலையில் இறங்கினார். ஆனா, அந்த ஆல்பம் வரவே இல்ல!

ஏன் விலகினார்?
குழுவுக்குள் சேர்ந்து முடிவெடுக்கவே முடியலங்கிறதுதான் அவர் சொன்ன காரணம்.

கூட்டணி யாரு?
டிஜே ஷேடோ, 'நைன் இன்ச் நெயில்ஸ்' ட்ரெண்ட் ரெஸ்னர், 'தி ரூட்ஸ்' டிரம்மர் குவெஸ்ட்லவ் என பெரிய பட்டாளமே அவரோட பாட்டு பதிவு செய்தது.

எதுவுமே வரலையா?
ரெண்டு பாட்டு வந்தது. 2003 மார்ச்சில் ஈராக் போரை எதிர்த்து, ஷேடோவுடன் செய்த 'மார்ச் ஆஃப் டெத்' இணையத்தில் இலவசமாக வெளியானது. 2004-ல், ரெஸ்னருடன் செய்த 'வீ வான்ட் இட் ஆல்', 'ஃபாரன்ஹீட் 9/11' ஆவணப்படத்தையொட்டி வந்த பாடல் தொகுப்பில் இடம்பெற்றது.

மத்த மூணு பேர்?
பாடகர் கிறிஸ் கார்னெலுடன் 'ஆடியோஸ்லேவ்' தொடங்கி, 2002-லேயே முதல் ஆல்பத்தை வெளியிட்டாங்க.

பிறகு?
2007-ல் கோச்செல்லா மேடையில் பழைய குழு மறுபடி சேர்ந்தது. போரை எதிர்க்க உடனே பாட்டு கொடுத்தவர், தன் பெயரில் ஒரு ஆல்பம் மட்டும் கொடுக்கல. ரசிகர்களுக்கு இன்னைக்கும் அந்த ஏக்கம் தீரல.