மூட்டைக்கு முன்னால் கால்

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறப் புளியமரத்தில் 1983-ல் ஒரு மூட்டை தொங்கியது. யூரியா சாக்கு, உள்ளே பாலாற்று மணல், கிளையில் தாம்புக் கயிறு. மெட்ராசில் குத்துச்சண்டை பார்த்துவிட்டு வந்த வேகத்தில் நானே கட்டியது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. மூன்றாம் நாளே வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மணலுக்கு ஒரு குணம் உண்டு. அடிக்க அடிக்கக் கீழே இறங்கி, இறுகி, கருங்கல்லாகிவிடும். மேலே சாக்கு தொளதொளவென்று இருக்கும்; கீழ்ப்பாதியில் கை பட்டால் எலும்பு பேசும்.

கட்டுப்போட்ட கையோடு நான் நின்றபோதுதான் வாத்தியார் வந்தார். ராயபுரத்தில் குத்துச்சண்டை ஆடிப் பழகியவர். ரயில்வே வேலையில் மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்திருந்தார். மரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், கயிற்றை அவிழ்த்து மூட்டையை இறக்கிவிட்டார். "மூட்டை எங்கயும் ஓடிப் போவாது. நீ மொதல்ல நிக்கக் கத்துக்க" என்றார்.

மூன்று மாதம் மூட்டை இல்லை. நடைதான். இடக்கால் முன்னே, வலக்கால் பின்னே, வலது குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கியபடி. முன்னே போனால் முன்கால் முதலில் நகரும், பின்னே வந்தால் பின்கால் முதலில். இடப்பக்கம் போக இடக்கால், வலப்பக்கம் போக வலக்கால். இரண்டு காலும் ஒன்றையொன்று தொடக்கூடாது, குறுக்கே போகவும் கூடாது. சிலம்பம் ஆடிவிட்டு வந்த பையன்கள் இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். சிலம்பத்தில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் காலடிதான் பாடம். அதைச் சுவடு என்பார்கள். எனக்கு நெடுநாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் எங்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போவார். அலை வந்து திரும்பிய ஈர மணலில் நடக்க வைப்பார். நடந்து முடித்ததும், "திரும்பி உன் காலைப் படி" என்பார். ஈர மணல் பொய் சொல்லாது. பின்காலின் குதி ஆழமாகப் பதிந்திருந்தால் எடை பின்னால் தங்கிவிட்டது. முன்கால் தடம் இழுபட்டிருந்தால் காலைத் தூக்காமல் தேய்த்திருக்கிறோம். இரண்டு தடங்களுக்கும் நடுவே இடைவெளி குறைந்த இடத்தில், யார் தள்ளியிருந்தாலும் விழுந்திருப்போம். அடுத்த அலை வந்து அழிப்பதற்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கேயே கரைவலை இழுப்பவர்களையும் காட்டுவார். கயிற்றைப் பிடித்து, குதிகாலை மணலில் புதைத்து, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வருவார்கள். "அவங்க கையால இழுக்கல, பாரு. கால் தள்ளுது, இடுப்பு வாங்குது, கை சும்மா புடிச்சிருக்கு." குத்தும் அப்படித்தான். வலது கையால் நேராக விடும் குத்து, வலது முன்பாதத்தை ஊன்றித் திருப்பும்போது பிறக்கிறது. அங்கிருந்து இடுப்புக்கு ஏறி, தோள் வழியாக வந்து, சுட்டுவிரல் நடுவிரல் முட்டிகளில் முடிகிறது. குதிகால் திரும்பாவிட்டால் அது தோளோடு நின்றுபோகும். என் மணிக்கட்டு வீங்கியதற்கு மணல் பாதிக் காரணம். திரும்பாத குதிகால் மீதிப் பாதி.

மாமல்லபுரம் என்ற பெயரிலேயே ஒரு மல்லன் இருக்கிறான். 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் நரசிம்மவர்மப் பல்லவனுக்கு மாமல்லன் என்பது பட்டம். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை மணிமங்கலத்தில் எதிர்த்து நின்றவன், 642-ல் வாதாபியைப் பிடித்தவன். கடல்மல்லை என்று ஆழ்வார் பாடிய பெயரும் இந்த ஊருக்கு உண்டு. எந்தப் பெயர் முந்தியது என்பது அறிஞர்கள் பேச வேண்டிய விஷயம். ஓர் அரசன் தன்னைப் பெரிய மல்லன் என்று அழைத்துக்கொள்வதைப் பெருமையாக நினைத்தான் என்பதே எனக்குப் போதும்.

மகிஷாசுரமர்த்தினி குகைக்குள் வாத்தியார் எங்களைக் கூட்டிப்போய் நிறுத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் சிங்கத்தின் மேல் வில்லோடு வரும் தேவியைப் பார்த்தோம். அவர் எருமைத் தலை அசுரனைக் காட்டினார். கதையை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான், கால்களை அகட்டி நிற்கிறான், ஆனால் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது. "இவன் இன்னும் அடி வாங்கல. ஆனா தோத்துட்டான். எப்படித் தெரியும் சொல்லு?" யாருக்கும் தெரியவில்லை. "எடை பின்னால போயிடுச்சு." தோற்கப்போகிறவன் உடம்பில் எது முதலில் தெரியும் என்பதை அறிந்த சிற்பி செதுக்கியது அது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கல்லில் இருக்கும் பாடம்.

பிறகு புறநானூறு படித்தபோது எண்பதாம் பாட்டில் திடுக்கிட்டு நின்றேன். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதி வென்றதைச் சாத்தந்தையார் பாடுகிறார். புலவர் சொல்வது கையை அல்ல. ஒரு கால் மார்பில் என்ன செய்தது, மற்றக் கால் பின்புறம் என்ன செய்தது என்று கால்களைத்தான் சொல்கிறார். சண்டையை அருகில் நின்று பார்த்தவர் சொல்லும் முறை இது.

மூட்டைக்கும் பழைய வரலாறு உண்டு. கிரேக்கர்கள் தொங்கும் தோல் மூட்டையைக் கோரிகோஸ் என்றார்கள். மெலிந்தவர்களுக்கு அத்தி விதையோ மாவோ, வலுவானவர்களுக்கு மணல் என்று அவர்களுடைய மருத்துவ எழுத்து சொல்கிறது. பிலோஸ்திராதோஸ் எழுதிய உடற்பயிற்சி நூல் இன்னும் நுட்பமானது: குத்துச்சண்டைக்காரனுக்கு லேசான மூட்டை போதும், குத்தும் மற்போரும் கலந்த பங்கராத்தியத்தில் இறங்குபவனுக்குக் கனமான மூட்டை வேண்டும், அது ஆடி வந்து மோதும்போது கால் நிலை குலையாமல் நிற்கப் பழகுவதற்காக. வாத்தியார் அந்த நூலைப் பார்த்தவரில்லை. ஆனால் நான்காம் மாதம் அவர் புதிதாகக் கட்டிய மூட்டைக்கு முன்னால் சொன்னது அதே விஷயம்: "போற மூட்டைய அடிச்சா தள்ளல். வர்ற மூட்டைய அடிச்சாத்தான் குத்து."

அந்த மூட்டையில் மணல் இல்லை. தையல்கடை வெட்டுத்துணியை இறுக்கித் திணித்திருந்தார். கையில் பேண்டேஜ் துணி சுற்றிய பிறகுதான் தொட விட்டார். மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஓய்வு. 1867-ல் இங்கிலாந்தில் வெளியான குயின்ஸ்பெரி விதிகள் வகுத்த கணக்கு, கோட்டைக் கொத்தளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வழியாக வடசென்னைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. நல்ல குத்து விழுந்தால் மூட்டை அதிராமல் நடுவில் மடங்கும், 'டப்' என்று வறண்ட சத்தம் வரும். தள்ளினால் ஊஞ்சல் மாதிரி ஆடும். அடித்த இடத்திலேயே நின்றால் பிரம்பால் கணுக்காலைத் தட்டுவார். அடி, ஓர் எட்டு பக்கவாட்டில் விலகு, மறுபடி அடி.

வடசென்னையின் குத்துச்சண்டைக் குழுக்களான சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை பற்றி 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும். குத்துச்சண்டைக்காரர் நாட் டெர்ரியைக் கித்தேரி முத்து வீழ்த்திய கதை அங்கே இன்றும் பேசப்படுகிறது. 1980-ல் முகமது அலி வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியபோது வாத்தியார் கூட்டத்தில் இருந்திருக்கிறார். அலியின் கையைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. "அந்த உடம்புக்கு அப்படி ஒரு கால்" என்பார், அவ்வளவுதான்.

இன்று எங்கள் மாவட்டத்தில், மேலக்கோட்டையூரில், விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. நல்ல தோல் மூட்டைகள் கடையிலேயே கிடைக்கின்றன. வாத்தியார் இல்லை. பரம்பரைக்குப் பரம்பரை காலடி மாறும் என்று அவர் ஆடிக்காட்டியது என் உடம்பில் பாதிதான் தங்கியிருக்கிறது. கிரேக்கர்கள் எழுதி வைத்தார்கள், சாத்தந்தையார் பாடி வைத்தார், பல்லவச் சிற்பி செதுக்கி வைத்தான். வடசென்னை வாத்தியார்களின் காலடி முறையை எழுத்தில் நான் கண்டதில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வயதான வாத்தியார்கள் யாரையாவது தெரிந்தவர்கள் இதைப் படித்தால், இந்த மாதமே போய்ப் பாருங்கள். செல்போனில் படம் எடுங்கள். முகத்தை எடுத்தது போதும், இடுப்புக்குக் கீழே எடுங்கள்.