கலங்கரை விளக்கைச் சுமந்த நீதிமன்றம்

கட்டுமாவடிக் கடற்கரையில் இரவில் நின்றவர்க்கு விளக்கின் அருமை தெரியும். பாக்கு நீரிணையில் வலை வீசித் திரும்பும் நம் மக்கள் கரையில் மின்னும் சிற்றொளியைக் கண்டதும் பெருமூச்சு விடுகிறார்கள். இதே கிழக்குக் கடற்கரையின் வடக்கே, சென்னையில், ஒரு நீதிமன்றமே தன் தலைமேல் விளக்கேந்தி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்களுக்கு வழிகாட்டியது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சென்னை உயர் நீதிமன்றம் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதற்கெனத் தனி மாளிகை எழும்ப முப்பது ஆண்டுகள் ஆயின. 1888இல் தொடங்கிய பணி 1892இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் ஆளுநர் வென்லாக் பிரபு அதன் சாவியைத் தலைமை நீதிபதி சர் ஆர்தர் காலின்சிடம் ஒப்படைத்தார். பிராசிங்டன் வகுத்த திட்டத்தை ஹென்றி இர்வின் திருத்தி நிறைவாக்கினார்; கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டியார். செங்கற் சுவர்கள், வளைவுகள், நீண்ட தாழ்வாரங்கள், வண்ணக் கண்ணாடிகள், வானளாவும் குவிமாடங்கள் என்று இசுலாமிய, இந்திய, ஐரோப்பியக் கலை மரபுகள் ஒரே கூரையின்கீழ்க் கைகோத்து நிற்கின்றன.

அவ்வளாகத்திலேயே 1844 முதல் ஒளிதந்த கருங்கல் தூண் விளக்கு ஒன்று உண்டு. புதிய மாளிகை அதனினும் உயர்ந்துவிடவே, 1894இல் விளக்கு மாளிகையின் உச்சிக் கோபுரத்திற்கு ஏறியது. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் கப்பல் எறிந்த குண்டு அதன் சுற்றுச்சுவரைத் தாக்கியது. விளக்கோ நிலைத்து நின்றது. 1977இல் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் எழுந்த பின்னரே அது ஓய்வு பெற்றது.

உள்ளே நீதியரசர் முத்துசாமி ஐயரின் சிலை இருக்கிறது. மாதம் ஒரு ரூபாய் ஊதியத்திற்குக் கிராமக் கணக்கரிடம் உழைத்த ஏழைச் சிறுவர், அம்மன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக உயர்ந்தார். வெறுங்காலுடன் அமர்ந்திருக்கும் அச்சிலை, இம்மாளிகைக்குள் எளியோரும் நுழையலாம் என்று சொல்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது.

ஆனால் நுழைந்தால் மட்டும் போதுமா? கணவனைக் கடலில் பறிகொடுத்த நம் பகுதிப் பெண்ணொருத்தி, பல்லாண்டு நடந்த வழக்கின் தீர்ப்பு நகலை ஒருநாள் நம்மிடம் நீட்டி, "சாமி, ஜெயிச்சிட்டோமா, தோத்துட்டோமா?" என்று கேட்டாள். தீர்ப்பு அவளுக்குச் சாதகமாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால், மூன்று நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

இந்தத் துயரை அம்மாளிகை எழுமுன்னரே உணர்ந்தவர் நம் திருச்சபையின் மைந்தர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மாவட்ட முன்சீப்பாக விளங்கிய அவர், 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்து 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். தம் 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும், தமிழரின் வழக்கைத் தமிழரிடையே ஆங்கிலத்தில் வாதிடும் போக்கை எள்ளி நகையாடினார்.

கீழ் நீதிமன்றங்களில் இன்று தமிழ் ஒலிக்கிறது. உயர் நீதிமன்றத்திலும் அது வேண்டுமெனச் சட்டமன்றம் 2006இல் தீர்மானித்தும், அங்கே ஆங்கிலமே ஆட்சி செய்கிறது. 2004இல் மதுரைக் கிளை திறந்தபின் நம் மாவட்டத்தார்க்குத் தொலைவு குறைந்தது. மொழியின் தொலைவு குறையவில்லை.

கோபுரத்து விளக்கு, மாலுமி எந்நாட்டவன், எம்மொழியினன் என்று கேட்டதில்லை. எல்லார்க்கும் ஒளி தந்தது. அதன்கீழ் வழங்கப்படும் நீதியும் அவ்வாறு ஒளிர வேண்டாமா? அதுவரை மரக்காலுக்குள் இருக்கும் அவ்விளக்கை வெளியே எடுத்துக் காட்டுவது கற்றவர் கடமை. நம் பங்குகளில் படித்த இளைஞர் ஒருவராவது, எழுத்தறியாத ஓர் ஏழையின் அருகமர்ந்து, அவர்தம் வழக்குத் தாளைத் தமிழில் படித்துச் சொல்லட்டும். அன்று அந்தப் பெண்ணுக்கு நாம் படித்துச் சொன்னபோது அவள் முகத்தில் தோன்றிய ஒளியை இன்னும் நாம் மறக்கவில்லை.